இலவசத்துக்குக் காசு, பத்திரத்துக்குக் கஞ்சத்தனம்: புதுத் தொழில்காரர்களின் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் சட்டக் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் கேட்டது 'என்னென்ன லைசென்ஸ் வேண்டும், எவ்வளவு செலவாகும்' என்பதுதான். கூட்டாளியோடு என்ன எழுதிக்கொள்வது, சரக்கு இறக்கும்போது எதில் கையெழுத்து வாங்குவது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. கோர்ட் வாசலில் நின்று பார்த்தால் நிலைமை நேர் எதிர். லைசென்ஸ் இல்லாமல் தொழிலை விட்டவர்களைவிட, எழுதி வைக்காமல் காசை விட்டவர்களைத்தான் அங்கே அதிகம் பார்க்கிறேன். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

நான் காவேரிப்பட்டணம். வீட்டில் மாங்காய் ஊறுகாய், தொக்கு போட்டுத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார், அவங்க அபார்ட்மென்ட்டில் ஆர்டர் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். பிரவுசிங் சென்டரில் விசாரித்தால் எம்.எஸ்.எம்.இ., ஜி.எஸ்.டி., ஃபுட் லைசென்ஸ் மூன்றும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் என்கிறார்கள். எல்லாமே வேண்டுமா சார்?

எட்டாயிரத்தை முதலில் பத்திரமாக உள்ளே வையுங்கள் அம்மா. எம்.எஸ்.எம்.இ. என்று அவர்கள் சொல்வது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு. அது முழுக்க இலவசம். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் நீங்களே போட்டுவிடலாம், புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. தேடும்போது அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கிற தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும், பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. டைப் அடித்துக் கொடுப்பதற்குக் கூலி கேட்டால் அது நியாயம், ஆனால் அதை 'கவர்ன்மென்ட் ஃபீஸ்' என்று சொல்லி வாங்குவது சரியில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் கட்டாயம். வீட்டு அடுப்பில் செய்தாலும், தெரிந்தவருக்கு விற்றாலும், காசு வாங்கினால் அது உணவு வியாபாரம்தான் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. உங்களைப் போல வீட்டு அளவில் செய்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். வருடத்துக்கு 100 ரூபாய் என்ற கணக்கில்தான் கட்டணம். உணவுப் பதிவுக்கான அரசின் ஃபாஸ்காஸ் தளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் வரும், அதைப் பாட்டில் லேபிளில் போட வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருடம் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த 40 லட்சம் மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். அடுத்த மாநிலத்துக்கு ஒரே ஒரு பாட்டில் விற்று அனுப்பினாலும் பதிவு கட்டாயம், தொகை எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. மதுரைக்காரருக்கு இது தூரத்துப் பிரச்சினை. நமக்கு அப்படி இல்லை, கிருஷ்ணகிரிக்காரருக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பக்கம், ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளியிலேயே வேறு மாநிலம். அதனால் பெங்களூருக்கு நீங்களே பார்சல் போடுவதென்றால் பதிவு செய்துதான் ஆக வேண்டும். சிறு வியாபாரிகள் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டம், அதுவும் உங்களுக்கு உதவாது, அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பதிவு எடுத்த பிறகு ஒரு மாதம் வியாபாரமே இல்லை என்றாலும் ரிட்டர்ன், அதாவது கணக்கு விவரம், போட வேண்டும். வெறும் ரிட்டர்ன் தாமதமானால்கூட நாளுக்கு 20 ரூபாய் வீதம் ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை ஏறும். 'ஃப்ரீயா கிடைக்குதே' என்று எடுத்து வைத்துவிட்டு மறந்துபோய் அபராதத்தோடு வருகிறவர்கள் நிறைய.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாத்தனார் ஊருக்கு வரும்போது உங்களிடம் காசு கொடுத்து வாங்கிப்போய், அங்கே அவர் பொறுப்பில் விற்றால் அது அவருடைய வியாபாரம். உணவுப் பதிவு அவருக்கும் வேண்டும். ஆனால் நிஜமாகவே அப்படி நடக்க வேண்டும், பேப்பரில் மட்டும் அப்படிக் காட்டிவிட்டு நீங்கள் கூரியர் போடுவது ஆகாது.

லேபிளை அலட்சியம் செய்யாதீர்கள். பொருளின் பெயர், அதிகமாகச் சேர்த்ததிலிருந்து குறைவாகச் சேர்த்தது வரை வரிசையாகச் சேர்மானம், பச்சைப் புள்ளி அடையாளம், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், இத்தனையும் வேண்டும். பாக்கெட் போடுபவர் என்ற முறையில் எடையளவுத் துறையிலும் தொடங்கிய 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தராசையும் முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஹோம்மேட்' என்று ஒட்டிவிட்டால் இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாலக்கோடு பக்கம். நான், என் நண்பர், என் மச்சான் மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து லட்சம் போட்டு, கேழ்வரகு, சாமை அரைத்து மாவு பாக்கெட் போடும் மில் வைக்கப் போகிறோம். ஷெட் மச்சானுடையது. தெரிந்த ஒருவர் பிரைவேட் லிமிடெட் போடுங்கள், அதுதான் கெத்து என்கிறார். எங்களுக்குள் பத்திரம் எல்லாம் வேண்டாம், நம்பிக்கை இருக்கிறது. எது நல்லது?

கெத்துக்காகக் கம்பெனி போடாதீர்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஆடிட், கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கு தாக்கல், கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு. வெளியாளிடம் முதலீடு வாங்கிப் பங்கு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அது சரியான வாகனம். பாலக்கோட்டில் மாவு மில்லுக்கு இப்போதைக்கு அவசியமில்லை. 'கம்பெனி போட்டால் கடன் நம்ம சொத்தைத் தொடாது' என்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் பேங்கில் லோன் போடும்போது டைரக்டர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கினால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு அங்கேயே போய்விடும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று 1932-ம் வருடச் சட்டப்படியான சாதாரணப் பார்ட்னர்ஷிப். இன்னொன்று எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு எல்லை வைத்த கூட்டு. முதலாவதில் செலவு குறைவு, ஆனால் பொறுப்புக்கு எல்லையே இல்லை. மச்சான் மில் பெயரில் ஒரு மண்டியில் ஆறு லட்சத்துக்குக் கடனாகக் கேழ்வரகு எடுத்துவிட்டு நஷ்டமாகிவிட்டது என்று வையுங்கள். மண்டிக்காரர் மூன்று பேரையும் கேட்கலாம், உங்களை மட்டுமேகூடக் கேட்கலாம், 'என் பங்கு மூன்றில் ஒன்றுதான்' என்று அவரிடம் சொல்ல முடியாது. எல்.எல்.பி.யில் இந்தப் பயம் குறைவு, போட்ட மூலதனத்தோடு நின்றுவிடும், ஆனால் வருடத்துக்கு இரண்டு படிவம் தவறாமல் தாக்கல் செய்யும் ஆள் ஒருவர் வேண்டும். கடனுக்குச் சரக்கு எடுத்துக் கடனுக்கு விற்கிற தொழில் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்.எல்.பி.யை யோசிப்பேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பத்திரம் வேண்டாம் என்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பத்திரம் இல்லையென்றால் சட்டமே உங்களுக்காக ஒரு பத்திரம் எழுதி வைத்திருக்கிறது, அதில் என்ன இருக்கிறது தெரியுமா? லாபமும் நஷ்டமும் சரிசமம், உங்கள் விஷயத்தில் ஆளுக்கு மூன்றில் ஒன்று. காலையில் ஆறு மணிக்கு வந்து மில்லைத் திறந்து ராத்திரி மூடுகிறவருக்கும், மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவருக்கும் ஒரே பங்கு. வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. சாதாரணப் பார்ட்னர்ஷிப் என்றால் ஒரு பார்ட்னர் இறந்ததுமே கூட்டு கலைந்துவிடும். அதிலும் காலவரை எழுதாத கூட்டு என்றால் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலே கலைக்கலாம். இது மூன்று பேருக்கும் சம்மதமா?

மச்சான் ஷெட்டை எப்படிக் கொடுக்கிறார் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வாடகைக்கா, அல்லது அவருடைய மூலதனமாகவா? மூலதனமாகச் சேர்த்துவிட்டால் அது கூட்டின் சொத்தாகிவிடும், பிரியும்போது 'என் ஷெட்' என்று அவர் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாடகை என்றால் அவர் வெளியேறினாலும் மில் அங்கே எத்தனை வருடம் இருக்கலாம் என்று தனியாக ஒப்பந்தம் வேண்டும். இதை எழுதாமல் விட்டால் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியும் அடைபடும். அப்புறம், செக்கில் எத்தனை பேர் கையெழுத்து, எவ்வளவு ரூபாய்க்கு மேல் கடன் எடுக்க மூவரின் சம்மதம் வேண்டும், தினமும் வேலை பார்ப்பவருக்கு மாதம் என்ன சம்பளம், ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது, அதை எத்தனை தவணையில் கொடுப்பது, பிராண்ட் பெயர் யாருக்கு. விலை போடும் முறைதான் எல்லாரும் விட்டுவிடுகிற இடம். சண்டை வந்த பிறகு மெஷினுக்கு ஒருவர் பன்னிரண்டு லட்சம் என்பார், இன்னொருவர் பழைய இரும்பு விலை சொல்வார்.

பார்ட்னர்ஷிப் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் பதிவில்லாத கூட்டு, பாக்கி வைத்த கடைக்காரர் மேல் சிவில் வழக்குப் போட முடியாது, பார்ட்னர்களும் ஒருவர் மேல் ஒருவர் பத்திரத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. வெளியாள் உங்கள் மேல் போடலாம், அதற்குத் தடையில்லை!

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்ன சி.என்.சி. (கம்ப்யூட்டர் மெஷின்) யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். ஐந்து மாதமாக ஏழு லட்சத்துச் சொச்சம் நிற்கிறது. பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) 90 நாளில் பணம் என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் தாண்டிவிட்டது. கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடுமே என்று பயம்.

பயம் நியாயமானது. இருக்கிற ஒரே கஸ்டமர் மேல் கேஸ் போடு என்று நானும் உடனே சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

உத்யம் பதிவு இருக்கிறதா, இந்த பில்களுக்கு முந்தைய தேதியில் இருக்கிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பதிவு எடுத்துவிட்டுச் சலுகை கேட்டால் எதிராளி அதையே பிடித்துக்கொண்டு வாதாடுவார். இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள், அடுத்த பில்லுக்காவது உதவும். எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.

இருக்கிறது என்றால், 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். பி.ஓ.வில் 90 போட்டாலும் 120 போட்டாலும் 45-க்கு மேல் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் உங்கள் வட்டி 16.5 சதவீதம். (சரக்கை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, உற்பத்திக்கும் சேவைக்கும்தான்.)

45 நாள் எந்தத் தேதியிலிருந்து? சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதனால்தான் டெலிவரி சலானின் உங்கள் காப்பியில் கேட் சீல், தேதி, ஸ்டோர்ஸ் கையெழுத்து மூன்றும் தெளிவாக விழ வேண்டும். டிரைவர் அவசரத்தில் மங்கலான சீலோடு சலானை மடித்து டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு வருவார், வெயிலில் மை போய்விடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். 'ரிஜெக்ஷன் இருக்கு' என்று போனில் சொன்னால், 'எத்தனை பீஸ், என்ன குறை, மெயிலில் அனுப்புங்கள் சார்' என்று நீங்களே ஒரு மெயில் போடுங்கள்.

கேஸ் இல்லாமலே அழுத்தம் கொடுக்க இரண்டு இடம் உண்டு. பர்ச்சேஸ் மேனேஜரை விட்டுவிட்டு அக்கவுண்ட்ஸுக்கு எழுதுங்கள். உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யை அவர்கள் கட்டும் வரியில் கழித்திருப்பார்கள் (உள்ளீட்டு வரி), பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அதை வட்டியோடு திருப்ப வேண்டும். ஐந்து மாதம் என்றால் அந்த நாள் கிட்டே வந்துவிட்டது. அடுத்தது மார்ச் 31. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். பிப்ரவரியில் உத்யம் எண்ணோடு ஒரு கணக்கறிக்கை அனுப்பி, நிலுவையை உறுதி செய்து கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். சிவில் வழக்குக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது, கெடுவுக்குள் வாங்கிய அந்தக் கையெழுத்து கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் குறு, சிறு தொழில் வசதி மன்றத்துக்கு இணையத்தில் மனு. முதலில் சமரசம், பிறகு தீர்ப்பு. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது, நடப்பில் இழுக்கும். ஆனால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அதை எதிர்த்துப் போக அவர்கள் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பெரிய கம்பெனிகள் சமரசத்திலேயே உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு, எந்த முடிவு எடுத்தாலும், இரண்டாவது கஸ்டமரைத் தேடுங்கள்.

நானும் ஓசூர்தான் சார். எட்டு வருடமாக டூல் டிசைன் வேலை. தனியாகத் தொடங்கலாம் என்றால், வேலையை விட்டபின் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது.

அந்த வரிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம் தம்பி. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு தடுப்பதற்கு நம் நீதிமன்றங்கள் இடம் கொடுப்பதில்லை. வேலையில் இருக்கும்போது மட்டும் தடை செல்லும், அதனால் இப்போதே மனைவி பெயரில் யூனிட் ஆரம்பித்துக் கம்பெனி கஸ்டமருக்கே கொட்டேஷன் கொடுக்கும் வேலை வேண்டாம். பாண்ட் தொகை, நோட்டீஸ் காலம் ஆகியவை வேறு விஷயம். குறிப்பிட்ட வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

உங்களுக்கு நிஜமான ஆபத்து அந்த வரியில் இல்லை, பென் டிரைவில் இருக்கிறது. டிராயிங், கம்ப்யூட்டர் டிசைன் (கேட்) ஃபைல், ரேட் லிஸ்ட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். தலைக்குள் இருக்கிற தொழிலறிவு உங்களுடையது. ஃபைல் அவர்களுடையது. கணக்கு முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஊத்தங்கரை. கடை வைக்க ஃபைனான்ஸ்காரரிடம் மூன்று லட்சம் கேட்டேன். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஐந்து கேட்கிறார். கொடுக்கலாமா?

முடிந்தவரை கொடுக்காதீர்கள். 'நான் தொகை எழுதவில்லையே' என்று பிறகு சொல்வது பெரிதாக எடுபடாது. கையெழுத்திட்டு விருப்பத்தோடு கொடுத்த வெற்றுச் செக்கை மற்றவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். செக் திரும்பினால் பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விடுவார், கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வேறு வழியே இல்லை என்றால் ஒரு செக் மட்டும், தொகை எழுதி, பெயர் எழுதிக் கொடுங்கள். 'இன்ன தேதியில் வாங்கிய மூன்று லட்சத்துக்கு ஈடாக இந்த எண் செக்' என்று ஒரு கடிதம் எழுதி, காப்பியில் அவர் கையெழுத்து வாங்குங்கள். கடனையும் தவணையையும் பேங்க் வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படியும் தவறு. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று போனால் 2003-ம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த நிலைக்குப் போவதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மானியத்தோடு கூடிய கடன் திட்டங்களில் புதுத் தொழிலுக்கு மட்டும் என்று இருப்பவை உண்டு. கடையை முதலில் திறந்துவிட்டுப் பிறகு போனால் அது கை நழுவிவிடும்.

அரூரில் மசாலாப் பொடி விற்கிறேன். ஊர்ப் பெயரையே பிராண்டாக வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி.யில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. இது போதுமா?

போதாது. ஜி.எஸ்.டி., உத்யம், கம்பெனிப் பெயர் எதுவும் பிராண்டுக்கு உரிமை தராது. அதற்கு வணிகச் சின்னப் பதிவு தனி. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பெயரை வேறு யாராவது போட்டிருக்கிறார்களா என்று அரசுத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள்.

ஊர்ப் பெயரில் சிக்கல் இருக்கிறது. வெறும் இடப் பெயரையோ பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லையோ ஒருவருக்கே எழுதிக் கொடுக்க மாட்டார்கள், அரூரில் இன்னொருவரும் பொடி விற்கலாம் அல்லவா. பெயரோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேருங்கள். முதல் பில், முதல் கவர் அச்சடித்த ரசீது, பழைய கடை போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பு அதிகம். பதிவு கிடைக்கும் வரை டி.எம். என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவுக்குப் பிறகுதான், முன்னால் போட்டால் குற்றம்.

பென்னாகரம் பக்கம் பெரியப்பா நிலத்தில் ஷெட் போட்டு செக்கு எண்ணெய் ஆட்டப் போகிறேன். வீட்டு கரண்ட்டிலிருந்தே லைன் இழுத்துக்கொள்ளலாமா? பெரியப்பா வாய் வார்த்தையாகச் சம்மதம் சொல்லிவிட்டார்.

இழுக்காதீர்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் பிரிவு 126-ல், பொருந்துகிற கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுத் தீட்டிவிடுவார்கள். தொழிலுக்கான இணைப்பைத் தனியாக வாங்குங்கள்.

பெரியப்பா நல்லவராகவே இருக்கட்டும், நிலம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் ஷெட்டுக்குப் பூட்டுப் போடுவார்கள். வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தம் செக்கு இறக்கும் தொழிலுக்குப் பத்தாது, பேங்கும் ஏற்பது கஷ்டம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். அந்தச் செலவைப் பார்த்துத்தான் எல்லாரும் பின்வாங்குகிறார்கள். மெஷினுக்குப் போடப்போகும் காசோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பர்கூரில் ஜவுளிக் கடை திறக்கிறேன். ஆறு பேர் வேலைக்கு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமா? போர்டு இங்கிலீஷில் வைக்கலாமா?

ஆறு பேருக்கு இரண்டும் கட்டாயமில்லை. இ.எஸ்.ஐ. 10 பேரிலிருந்து, பி.எஃப். 20 பேரிலிருந்து. ஆனால் குறைந்தபட்சக் கூலி ஒரே ஒரு ஆள் இருந்தாலும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, எல்லாருக்கும் நியமனக் கடிதமும் கொடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் போதும், சம்பளம், வேலை நேரம், விடுமுறை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. வேலை செய்பவர்கள் உட்கார நாற்காலியோ ஸ்டூலோ போட்டாக வேண்டும், 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. ஜவுளிக் கடைகளைப் பார்த்துத்தான் அந்தச் சட்டம் வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

போர்டில் தமிழ் முதலில், பெரிதாக. அடுத்து இங்கிலீஷ், அதற்கும் அடுத்து வேறு மொழி வேண்டுமானால், 5:3:2 என்ற அளவில். ஆந்திரா, கர்நாடகா வாடிக்கையாளர்கள் வருகிற ஊர் என்பதால் தெலுங்கு, கன்னடமும் சேர்க்க நினைப்பீர்கள், தாராளமாகச் சேருங்கள், போர்டு எழுதுகிறவரிடம் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.